வீசுகோலைக் கீழே வைக்கும் துணிச்சல்

இந்தச் சித்திரைக் கோயில் கொடைகளில் முதன்முறையாக வில்லுக்கு வலத்தே, தலைமைப் பாடகராக உட்கார்ந்து பாடிய அந்தப் பெண்ணைப் பற்றி, தோவாளை முதல் கல்குளம் வரை ஒரே பேச்சுதான்: "குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா கொடைக்கு வந்து ஒப்பாரி வைக்கியாளே!" வில்லுப்பாட்டைப் பல வருடம் கேட்டவர்களே இப்படிச் சொல்வதுதான் எனக்கு ஆற்றாமை.

அவர் முத்துப்பட்டன் கதை பாடுவதைக் கவனியுங்கள். மாடு கவர வந்தவர்களைப் பட்டன் வென்றுவிட்டான். ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்துகிறான். அவனுடைய பூச்சி நாய் அவன் மனைவிகளான பொம்மக்காவையும் திம்மக்காவையும் தேடி ஓடுகிறது. இந்த இடத்தில் நம் குழுக்கள் பெரும்பாலும் குடத்தையும் உடுக்கையையும் உச்சத்துக்கு ஏற்றி, மூச்சு விடுவதற்குள் அந்தப் பெண்கள் தீப்பாயும் கட்டத்துக்குப் போய்விடும். கூட்டம் நிமிரும், கைதட்டும்.

இவரோ குத்து விழுந்ததும் வீசுகோலைக் கீழே வைத்துவிடுகிறார். வில்மணி அடங்குகிறது. குடம் நிற்கிறது. இடத்தே இருக்கும் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போட வாயெடுத்தால் கையமர்த்துகிறார். உடுக்கை மட்டும், அதுவும் விரல் பட்டும் படாமலும். நாய் வீடு போய்ச் சேரும்வரை அப்படியேதான். பட்டன் செத்தது நமக்குத் தெரியும், அந்தப் பெண்களுக்குத் தெரியாது. அந்த நேரத்தை அவர் சுருக்குவதே இல்லை. கேட்கிறவனுக்கு வயிறு பிசைகிறது. ஆனாலும் எழுந்து போக முடியவில்லை.

நம் குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டை ஆராய்ந்து ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே பிறப்பும் இறப்பும் இருக்கின்றன. நாம் கும்பிடும் வாதைகளில் பலர் அநியாயமாகச் செத்தவர்கள். அந்தச் சாவால்தான் அவர்களுக்குப் பீடமும் படையலும். அதை அவசரமாகப் பாடிக் கடப்பது சாமிக்கே செய்யும் குறை. வேகம் ஏற்றினால்தான் சாமியாடிக்கு வரத்து வரும் என்பது மைக்செட்டோடு வந்த பழக்கம் என்பேன். துயரத்தைப் பாடுவது குறையும் அல்ல: போர்ச்சுக்கல்காரர்கள் தங்கள் துயரப் பாட்டான ஃபாடோவை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். யுனெஸ்கோ அதை 2011-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாம் நம்முடையதைச் 'சோகம்' என்று ஒதுக்குகிறோம்.

நீலி கதைக்கு இந்த நடை ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே பழி துரத்த வேண்டும். அவர் அதை இன்னும் பிடிக்கவில்லை. இரண்டு கொடைக்காலத்தில் பிடித்துவிடுவார்.

ஆடிக் கொடைக்குள் இன்னும் சில குழுக்கள் அந்த இடத்தில் வீசுகோலைக் கீழே வைக்கும், பாருங்கள். முதலில் அரைகுறையாகத்தான் இருக்கும். அடுத்த சித்திரையில் முத்துப்பட்டன் கதைக்கு இவரைத் தேடி அகஸ்தீஸ்வரத்திலிருந்தும் ஆள் வரும். யாராவது இவருடைய முதல் பாட்டுத் தொகுப்பைப் பதிவும் செய்வார்கள். செய்கிறவர்கள் அந்த மௌனத்தை 'சத்தம் இல்லாத இடம்' என்று வெட்டிவிடாதீர்கள்.

கொடைக் கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அவருக்கு நடுச்சாமத்தைக் கொடுங்கள். பூச்சி நாய் ஓடிக்கொண்டிருக்கும்போது சிங்காரி மேளத்தை உள்ளே விடாதீர்கள்.