கழுத்துத் துணியும் ஒரு முடிச்சும்

சாரணர் சீருடையில் எனக்குப் பிடித்தது அந்தக் கழுத்துத் துணிதான். சும்மா அலங்காரமல்ல, கை முறிந்தால் அதையே கட்டித் தொங்கவிடலாம். முனைகளை இணைக்க ரீஃப் முடிச்சு: வலது இடதின் மேல், பிறகு இடது வலதின் மேல். இரண்டு முறையும் ஒரே பக்கம் சுற்றினால் நழுவும். சரியாக விழுந்தால் தட்டையாக உட்காரும், உடம்பை உறுத்தாது, அவிழ்ப்பதும் சுலபம்.

இதைப் பெரும்பாலும் ஆசிரியர் சொல்லித்தருவதில்லை. ஆறேழு பேர் கொண்ட அணியின் தலைவன், பதின்மூன்று வயதுப் பையன், சின்னவனின் விரலைப் பிடித்துக் காட்டுகிறான். “டேய், அப்படி இல்லடா, மறுபடி போடு.” மூன்றாம் தடவை குரல் ஏறுகிறது. ஐந்தாம் தடவை தானாக இறங்கிவிடுகிறது. நான் ரசிப்பது அந்த இறக்கத்தைத்தான்.

1907-இல் பிரவுன்சீ தீவில் நடந்த முதல் சாரணர் முகாமிலேயே, இயக்கத்தைத் தொடங்கிய பேடன்-பவல் சிறுவர்களை ஓநாய், காளை போன்ற பெயர்களில் நான்கு அணிகளாக்கி, தலைமையையும் சிறுவர்களிடமே விட்டார். ராணுவத்தில் ஊறியவருக்கு இது தோன்றியது ஆச்சரியம்தான்.

முகாமில் சோறு குழைந்தால் பதில் சொல்ல வேண்டியவன் அணித்தலைவன். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டு கடைசியில் உட்காருபவனும் அவனே.