ஒரே ஒரு மெசேஜை மாத்துங்க!

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: இணையச் சீண்டலைப் பற்றிப் பிள்ளைகளைப் பேச வைக்க கேன்வா என்ற இணைய வடிவமைப்புக் கருவியைப் போல ஒன்று எனக்கு வாய்த்ததே இல்லை! "ஆன்லைன்ல யாரையும் கலாய்க்காதீங்க" என்று நான் தொண்டை வறளப் பேசினால் ஒன்பதாம் வகுப்பு பவ்யமாகத் தலையாட்டும். மனசு எங்கோ இருக்கும். அதே வகுப்பை ஹைடெக் லேபில் உட்கார வைத்து, "கேன்வாவில ஒரு க்ரூப் சாட்டைப் படக்கதையா வரைங்க" என்றேன். அப்புறம் என்னைப் பேசவே விடவில்லை!

பாடம் இவ்வளவுதான்: ஆறு கட்டங்கள். வகுப்பு க்ரூப்பில் ஒரு பையனின் படம் மீமாகிறது. சிரிப்பு எமோஜிகள் குவிகின்றன. நிஜப் பெயரும் நிஜப் படமும் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதி. வரைந்து முடித்ததும், "இப்ப பக்கத்தை அப்படியே காப்பி எடுத்து, நடுவில ஒரே ஒரு மெசேஜை மாத்துங்க" என்பேன். மாயமே அங்கேதான்!

ஒரு குழு, "டெலிட் பண்ணுடா, பாவம்" என்று சேர்த்தது. உடனே அடுத்த கட்டத்துச் சிரிப்பு எமோஜிகள் பொருந்தாமல் போயின. அவர்களே ஒவ்வொன்றாக அழித்தார்கள். இன்னொரு குழு க்ரூப்பைத் தொடவே இல்லை. அந்தப் பையனுக்குத் தனியாக "நான் இருக்கேன்டா" என்று அனுப்பியது. எது சரி என்று இரண்டு குழுவும் போட்ட சண்டை இருக்கிறதே, அடடா! வேடிக்கை பார்ப்பவன் நினைத்தால் கதை மாறும் என்பதை எந்த அறிவுரையும் இத்தனை சுருக்காகச் சொன்னதில்லை.

வாயே திறக்காத ஒரு மாணவி ஒரு கட்டம் முழுக்கக் கறுப்பாக்கி, மூலையில் சின்னதாக ஒரு போனை வைத்தாள். "ராத்திரி பதினோரு மணி மிஸ். ஸ்கூல் விட்டாலும் இது விடல." நான் ஒரு மணி நேரம் பேசினாலும் இது வருமா?

படம் வரையத் தெரியாது என்ற சாக்கும் செல்லாது. டெம்ப்ளேட், உருவங்கள், தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் தயாராக இருக்கின்றன. ஒரே வடிவமைப்பில் பலர் சேர்ந்து வேலை செய்யலாம், கமென்ட் போடலாம். ஒருவன் அடுத்த குழுவின் படத்தில் "கேவலம்" என்று கமென்ட் போட, வகுப்பே அவன் பக்கம் திரும்பியது. அவனாகவே அதை அழித்துவிட்டு, "எழுத்து சின்னதா இருக்கு, பெருசாக்குங்க" என்று எழுதினான். இதைவிடச் செய்முறைப் பாடம் எங்கே கிடைக்கும்!

கடைசி வேலை போஸ்டர். முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகு பிளாக், ரிப்போர்ட், நம்பிக்கையான பெரியவரிடம் சொல்வது என அம்புக்குறி போட்டு வரிசைப்படுத்தினார்கள். பிளாக் செய்யும் அவசரத்தில் ஆதாரம் தொலைந்துவிடக் கூடாதே! கீழே பெரிய எழுத்தில் குழந்தைகள் உதவி எண் 1098, சைபர் குற்றப் புகாருக்கு 1930.

கேன்வாவின் வேரே பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மெலனி பெர்கின்ஸ் ஆஸ்திரேலியாவில் 2007இல் தொடங்கியது பள்ளி ஆண்டு மலர்களை வடிவமைக்கும் நிறுவனம். கேன்வா வந்தது 2013இல். பள்ளி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் அதன் கல்விப் பதிப்பு இலவசம். பிறகென்ன தயக்கம்? அடுத்த கம்ப்யூட்டர் பீரியடிலேயே ஆரம்பியுங்கள். முதல் கட்டத்தை மட்டும் நீங்கள் கொடுங்கள்; மிச்ச ஐந்தையும் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்!