மதிப்பீடும் வாக்குறுதியும்: மைக் கோனின் நூலை முன்வைத்து ஒரு நோக்கு

ஒரு வேலை எப்பொழுது முடியும் என்ற வினாவுக்கு விடை கூறுதல் மனிதருக்கு என்றுமே எளிதாக இருந்ததில்லை. சிட்னி ஒப்பெரா மாளிகை ஏறத்தாழ 70 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் செலவில் 1963ஆம் ஆண்டு நிறைவுறும் எனக் கணிக்கப்பட்டது. அது திறக்கப்பட்டதோ 1973இல். செலவு 10 கோடியே 20 இலட்சம் டொலர். கண்ணாற் காணத்தக்க கட்டடத்தின் நிலையே இதுவெனின், எழுதி முடியும்வரை எவருக்கும் முழுமையாகப் புலப்படாத மென்பொருளுக்குக் காலங் கணித்தல் எத்துணை இடர்மிக்கது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்விடரை எதிர்கொள்ள எழுந்த நூல்களுள் மைக் கோன் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ‘அஜைல் எஸ்ற்றிமேற்றிங் அன்ட் பிளானிங்’ குறிப்பிடத்தக்கது. அந்நூலின் தகுதியையும் அது தொட்டும் தொடராமலும் விட்ட பிரச்சினையையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அஜைல் இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம் 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திற் கூடிய பதினேழு பேரால் வெளியிடப்பட்டது. தொடக்கத்திலேயே முழுத் திட்டத்தையும் வரைந்து அதனையே இறுதிவரை பற்றி நிற்கும் வழக்கத்தை அது மறுத்தது. மாற்றத்துக்கு ஈடுகொடுத்தலை முதன்மைப்படுத்தியது. வேலையைச் சிறு கூறுகளாக்கிச் சில வாரங்களுக்கு ஒருமுறை பயன்படுத்தத்தக்க ஒரு பகுதியை ஒப்படைத்தல் இம்முறையின் பொது இயல்பு.

கோனின் நூல் இந்நெறிக்கு ஏற்ற கணிப்பு முறையை வகுக்கின்றது. வேலையின் பருமன் வேறு, அதற்காகும் காலம் வேறு என்பது அதன் அடிப்படை. ஒரு கூறு மற்றொன்றிலும் எத்தனை மடங்கு பெரிது என்பதை முதலிற் புள்ளிகளால் அளக்க வேண்டும். குழு ஒரு சுற்றில் முடிக்கும் புள்ளிகளின் தொகையே அதன் வேகம். காலம் அவ்வேகத்திலிருந்து பின்னரே பெறப்படும். புள்ளியிடுதற்கு ‘பிளானிங் போக்கர்’ பயன்படுகின்றது. ஒவ்வொருவரும் தம் எண்ணுக்குரிய சீட்டை மறைவாகத் தெரிந்து, அனைவரும் ஒரே வேளையில் அதனைக் காட்டுவர். மிகக் கூடிய எண்ணையும் மிகக் குறைந்த எண்ணையும் இட்டோர் காரணங் கூறுவர். பின்னர் மீண்டும் சீட்டிடுவர்.

இம்முறையின் சிறப்பு மறைவிலேயே தங்கியுள்ளது. 1974இல் ற்வெர்ஸ்கியும் கானமனும் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கும். 10 அல்லது 65 என்ற எண்ணில் நிற்குமாறு அமைத்த சக்கரமொன்றைச் சுழற்றிய பின்னர், ஐக்கிய நாடுகள் சபையில் ஆபிரிக்க நாடுகள் நூற்றுக்கு எத்தனை என அவர்கள் வினவினர். 10ஐக் கண்டோரின் இடைநிலை விடை 25. 65ஐக் கண்டோரின் இடைநிலை விடை 45. தொடர்பற்ற ஓர் எண்ணே அறிவை இவ்வளவு இழுக்குமாயின், மூத்த பொறியியலாளர் ஒருவர் முதலிற் கூறும் எண் இளையவரை எவ்வளவு இழுக்கும்! சீட்டை மறைத்தல் அவ்விழுவிசையைத் தடுக்கின்றது.

ஆயின், சீட்டுகளை விரிக்கும் முன்னரே சக்கரம் சுழன்றுவிடுகிறது என்பதே உண்மை. ஒப்படைக்கும் நாள் வாடிக்கையாளருடன் முன்னரே பேசி முடிக்கப்பட்டிருப்பின், அவ்வெண் அறையிலுள்ள ஒவ்வொருவர் மனத்திலும் வீற்றிருக்கும். எந்தச் சீட்டும் அதனை மறைக்காது. அத்தகைய இடத்தில் மதிப்பீடு என்பது முடிந்த முடிபொன்றுக்குக் குழுவின் கையொப்பம் பெறும் சடங்காகிவிடுகின்றது.

வேகம் என்னும் அளவையும் இதே கதிக்குள்ளாகின்றது. கடந்த சுற்றிற் செய்ததைக் கூறும் குறிப்பாக இருக்கும்வரை அது பயனுடையது. முகாமையாளர் அதனை அடுத்த சுற்றின் இலக்காக்கி, ஒரு குழுவின் வேகத்தை மற்றொன்றின் வேகத்தோடு ஒப்பிடத் தொடங்கியதும், நேற்று மூன்று புள்ளி பெற்ற வேலை இன்று ஐந்து பெறுகின்றது. வேலை கூடவில்லை, எண்ணே கூடியது. இதனை ஊழியரின் நேர்மைக் குறையாகக் கருதுவது தவறு. அளவுகோலாற் தண்டிக்கப்படுவோர் அளவுகோலை வளைப்பர்.

கோன் இதனை அறியாதவரல்லர். மதிப்பீடுகள் வாக்குறுதிகளாக மாறுவதைத் திட்டங்கள் தோல்வியுறும் காரணங்களுள் ஒன்றாக அவரே காட்டுகிறார். எனினும், அதனை ஒரு கருத்துக் குழப்பமாகவே அவர் பெரிதும் காண்கிறார். குழப்பத்தால் நன்மை பெறுவோர் யார் என்ற வினா எழுப்பப்படவில்லை. ‘ஏறத்தாழ ஆறு வாரம்’ என்ற கணிப்பு ‘ஆறு வாரத்தில் தருவோம்’ என மாறும்பொழுது, நிச்சயமின்மையின் சுமை ஒப்பந்தஞ் செய்தவரிடமிருந்து வேலை செய்பவருக்குக் கைமாறுகின்றது. கூலியற்ற இரவு வேலையாகவும் ஓய்வற்ற வார இறுதியாகவும் அச்சுமை இறங்குகின்றது. புறூக்ஸ் 1975இலேயே இதனைச் சமையற்காரர் உவமையால் உணர்த்தினார். குறித்த நேரத்தில் முட்டைப் பொரியல் வேகவில்லையெனின், உண்பவர் காத்திருக்கலாம். அல்லது வேகாததை உண்ணலாம். நெருப்பைக் கூட்டினாற் கருகலே மிஞ்சும்.

மதிப்பீடு செம்மையுற வேண்டுமாயின், முதலில் கடந்தகாலப் பதிவுகள் மதிக்கப்படல் வேண்டும். பூலரும் அவர்தம் சகாக்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் தம் ஆய்வுக்கட்டுரையை முடிக்கச் சராசரியாக ஏறத்தாழ 34 நாள் ஆகுமெனக் கணித்தனர். சென்றதோ 55 நாளுக்கு மேல். எல்லாம் பிழைத்தால் எத்தனை நாள் என்ற வினாவுக்கு அவர்கள் தந்த விடையும் 49 நாளைத் தாண்டவில்லை. பல்கலைக்கழகத்தில் உள்ளோர் இதனைக் கேட்டு வியப்படையார். இத்தகைய வேலை முன்னர் எத்தனை நாள் கொண்டது என்ற பதிவு, இம்முறை எல்லாம் நன்றே நடக்கும் என்ற நம்பிக்கையிலும் பெறுமதியுடையது.

இரண்டாவதாக, விடை ஒற்றை எண்ணாகவன்றி வீச்சாகக் கூறப்படல் வேண்டும். ஒவ்வொரு சுற்றின் பின்னரும் அது திருத்தப்படல் வேண்டும். மூன்றாவதும் முதன்மையானதும், மதிப்பீடு கேட்கப்பட்ட பின்னரே வாக்குறுதி வழங்கப்படல் வேண்டும் என்பதாகும். முன்னைய இரண்டும் குழுவின் கையில் உள்ளன. மூன்றாவது அதற்கு வெளியே, ஒப்பந்தம் எழுதுவோர் கையில் உள்ளது.

ஆகவே, கோனின் நூல் குழுவுக்குள் நேர்மையாகப் பேசும் வழியைக் கற்பித்தது. அது சிறிய சாதனையன்று. ‘எமக்குத் தெரியாது’ என்று கூறிய ஒருவரைத் தண்டிக்காத பணியிடம் உருவாகும்வரை, எத்துணை நுண்ணிய சீட்டுகளும் அவ்வுண்மையை வெளிக்கொணரமாட்டா.