முதலில் தானியம்

ஸ்ப்ளின்டர்லேண்ட்ஸில் நிலம் வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது இரும்புச் சுரங்கத்தைப் பற்றித்தான். அடுத்து, எஸ்பிஎஸ் டோக்கன் தரும் ஷார்ட் சுரங்கம். தானியம் விளையும் பிளாட்டைக் கேட்டு வருபவரை நான் பார்த்ததில்லை. சில வாரங்களாக ஆட்டத்தின் நில வரைபடத்தையும் பக்கத்தில் ஒரு கணக்குத் தாளையும் திறந்து வைத்தே பொழுதைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே எல்லாவற்றையும் முடிவு செய்வது தானியம்தான். இந்த விமர்சனமும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. 2018-இல் ஸ்டீம் மான்ஸ்டர்ஸ் என்ற பெயரில் தொடங்கிய கார்டு ஆட்டம் இது. கார்டுகள் என்எஃப்டி, அணியை அடுக்கிக் கொடுப்பது நம் வேலை, மோதுவது கார்டுகளின் வேலை. 2020-இல் ஸ்டீம் சமூகம் உடைந்து ஹைவ் பிளாக்செயின் பிறந்தபோது ஆட்டமும் அங்கே குடிபெயர்ந்தது. மானா கணக்கு, சீசன், லீக் எல்லாம் ஆடுபவர்களுக்குத் தெரிந்தவை. நிலத்துக்கு வருகிறேன்.

பிரெட்டோரியா என்ற கண்டம். 150 மண்டலங்கள், மண்டலத்துக்கு 10 டிராக்ட், டிராக்ட்டுக்கு 100 பிளாட். மொத்தம் 1,50,000 பிளாட்டுகள். முன்விற்பனை தொடங்கியது 2020-இல். எந்தப் பிளாட் எந்த வகை மண் என்று சர்வே செய்து தெரிந்துகொள்ளும் நிலை வந்தது 2023-இல். அதற்குப் பிறகுதான் கார்டுகளை இறக்கி வேலை வாங்க முடிந்தது. இவ்வளவு காலம் பத்திரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களின் பொறுமையை நான் மதிக்கிறேன். அந்தக் காத்திருப்புக்கு உரிய பொருள் வந்து சேர்ந்திருக்கிறது என்பதே என் கருத்து.

ஒரு பிளாட்டில் ஐந்து கார்டுகள் வரை வேலைக்கு நிறுத்தலாம். ஒவ்வொன்றுக்கும் புரொடக்‌ஷன் பாயின்ட் உண்டு. ஆடுபவர்கள் சுருக்கமாக பிபி என்பார்கள். பழைய செட் என்றால் கூடுதல், தங்க ஃபாயில் என்றால் கூடுதல், நிறையப் பிரதிகளைச் சேர்த்து லெவல் ஏற்றியது என்றால் இன்னும் கூடுதல். பிளாட் வேலை செய்ய பவர் கோர் வேண்டும், அல்லது அந்த இடத்தில் ஒரு ரூனி கார்டு வேண்டும். அடிப்படை பிபி ஒவ்வொன்றுக்கும் ஒரு டார்க் எனர்ஜி கிரிஸ்டல், அதாவது டெக், முடக்கி வைக்க வேண்டும். 1,000 டெக் ஒரு டாலர் என்பது ஆட்டம் வைத்திருக்கும் இலக்கு விலை. அந்த விலையில் 10,000 பிபி கொண்ட பிளாட்டுக்கு 10 டாலர் முடங்கும். சந்தையில் டெக் விலை இறங்கியிருந்தால் இன்னும் குறைவு. இதுவரை இருப்பது முதல் போடும் கணக்கு. எந்த ஆட்டத்திலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்.

தானியத்தில்தான் இந்த ஆட்டம் மற்றவற்றிலிருந்து விலகுகிறது. வேலைக்கு நிற்கும் கார்டுகளுக்குச் சாப்பாடு வேண்டும். ஒரு பிபிக்கு மணிக்கு 0.01 தானியம். நாம் சொன்ன 10,000 பிபி பிளாட் கல் குவாரி என்றால் மணிக்கு 100 தானியம் தின்னும். ஒரு நாளைக்கு 2,400. தானியம் இல்லையென்றால் அறுவடை இல்லை. அதே 10,000 பிபியை தானிய நிலத்தில் நிறுத்தினால் பிபிக்கு 0.02 வீதம் மணிக்கு 200 விளையும். அங்கே நிற்பவர்களும் சாப்பிட வேண்டுமே. 100 போக மீதி 100. அந்த 100-தான் குவாரிக்குப் போகிறது. பின்னால் சொல்லப்போகும் வரியை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கல்லுக்கு ஒரு பிளாட், அதற்குச் சோறு போட ஒரு பிளாட். சரிபாதி.

இந்த ஒரு விகிதம் போதும், இரும்புக் கனவோடு வருபவரின் திட்டம் தலைகீழாக மாற. நான்கு பிளாட் வாங்கி நான்கிலும் சுரங்கம் வைத்தவர் வாரம் தவறாமல் சந்தையில் தானியம் வாங்கிக்கொண்டே இருப்பார். வாங்குவதற்கு வசதி இருக்கிறது: ஒரு பக்கம் தானியமும் மறுபக்கம் டெக்கும் நிரம்பிய பூல். ஆனால் பூலின் இயல்பு என்னவென்றால், ஒருவர் எடுக்க எடுக்க விலை ஏறும். இரும்பை நோக்கி எல்லோரும் ஓடும் மாதத்தில் தானியம் விலையேறும், எல்லோரும் உழவுக்குத் திரும்பும் மாதத்தில் இறங்கும். சொந்தத் தானியம் உள்ளவருக்கு இந்த ஏற்ற இறக்கம் வேடிக்கை. இல்லாதவருக்கு அதுவே செலவு.

ஊக்கம் தரும் பொருள்களை எங்கே வைப்பது என்ற கேள்விதான் என்னைப் பல இரவுகள் பிடித்து வைத்தது. பிளாட்டின் அரிய தன்மை, மண்ணுக்கேற்ற கார்டுக் குலம் (தீ, நீர் போன்றவை), டோட்டம், டைட்டில், ரூனி எல்லாம் விளைச்சலைக் கூட்டுகின்றன. பசியோ அடிப்படை பிபியைப் பொறுத்தது. ஊக்கத்தால் விளைச்சல் பெருகும், பசி பெருகாது. இதன் விளைவை நிதானமாகப் பாருங்கள். குவாரியில் 10 சதவீதம் ஊக்கம் வைத்தால் கல் 10 சதவீதம் கூடும். தானிய நிலத்தில் அதே 10 சதவீதம் வைத்தால் 200 என்பது 220 ஆகும். வீட்டுச் சாப்பாடு 100 போக மிஞ்சுவது 120. முன்பு மிஞ்சியது 100. வெளியே கொடுக்க முடிந்த தானியம் 20 சதவீதம் கூடிவிட்டது. கையில் ஒரே ஒரு நல்ல டோட்டம் உள்ளவர் அதைச் சுரங்கத்தில் வைக்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இரும்பின் விலை எவ்வளவு உயர்ந்தால் சுரங்கம் வெல்லும் என்ற கோடு ஒவ்வொருவருடைய தாளிலும் வேறு வேறு இடத்தில் விழும். அந்தக் கோட்டைத் தேடுவதே இந்த ஆட்டத்தின் உண்மையான ருசி. வரைபடத்தை வடிவமைத்தவர்கள் ஒரு சின்ன விதியில் இவ்வளவு யோசனையைப் புதைத்து வைத்திருப்பதைக் கண்டு எனக்கு மனம் நிறைந்தது.

அடுத்தது இடம். விளைந்தது விளைந்த மண்டலத்திலேயே சேரும். வேறு மண்டலத்துக்கு அனுப்பினால் வழியில் ஒரு பங்கு கழியும். மலிவாகக் கிடைக்கிறது என்று ஏழு மண்டலங்களில் ஏழு பிளாட் பொறுக்கியவருக்கு ஏழு தனித்தனிக் களஞ்சியங்கள். ஒன்றில் வழியும், மற்றொன்றில் பட்டினி. சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாவது ஒரே மண்டலத்தில் சேர்த்து வாங்குவதே புத்திசாலித்தனம். முடக்கும் டெக்கையும் மண்டலவாரியாகவே பார்க்க வேண்டியிருப்பதால் சேர்ந்து கிடக்கும் நிலத்தை மேய்ப்பது எளிது. டிராக்ட்டுக்கு ஒரு கீப், மண்டலத்துக்கு ஒரு காசில் என்று வரி வாங்கும் இடங்களும் உண்டு. அவற்றின் உரிமையாளர்களுக்கு நம் அறுவடையில் ஒரு பங்கு போகும். காசில் வாங்கும் ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தன் மண்டலத்தில் ஆட்கள் உழாமல் தரிசாகப் போட்டு வைத்தால் காசிலுக்கும் வருமானமில்லை என்பதை விலை பேசும்போது பலர் மறந்துவிடுகிறார்கள். மண்டலத்தில் எத்தனை பிளாட்டில் வேலை நடக்கிறது என்று பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்.

எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சி தந்தது பழைய கார்டுகள். மாடர்ன் வகை ஆட்டத்தில் பழைய செட்டுகளுக்கு இடமில்லை. வைல்டில் அவற்றை இறக்கலாம். நானோ பெரும்பாலும் மாடர்ன் ஆடுபவன். பீட்டா, அன்டேம்ட் காலத்துக் கார்டுகள் கையிருப்பில் சும்மா கிடந்தன. நிலம் அவற்றுக்கு வேலை கொடுத்தது. களத்தில் யாரும் சீந்தாத ஒரு கார்டு, பழையது என்பதாலேயே, புதிய செட்டின் பளபளப்பான கார்டை உழவில் மிஞ்சுகிறது. மண் வகையும் இதில் சேர்ந்துகொள்ளும்: ஒவ்வொரு மண்ணும் சில குலங்களைத் தூக்கிவிடும், சிலவற்றை அமுக்கும். தீக் குலத்தை எங்கே நிறுத்துவது, நீர்க் குலத்தை எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொரு கார்டாக எடுத்துப் பார்த்தேன்; வாங்கிய நாளுக்குப் பிறகு அவற்றை நான் கவனித்ததே அப்போதுதான். நிலத்தில் நிற்கும் கார்டை அதே வேளையில் சண்டைக்கு எடுக்க முடியாது என்ற விதியும் எனக்குப் பிடித்தது. இரண்டு பக்கமும் ஒரே கார்டு சம்பாதித்தால் யோசிக்க என்ன மிச்சமிருக்கும்?

இவ்வளவு கார்டுகளை ஏற்றி இறக்கி மாற்றிப் பார்க்க முடிவதற்கு ஹைவ்தான் காரணம். ஒவ்வொரு மாற்றமும் செயினில் பதிவாகும் பரிவர்த்தனை. ஹைவில் மூன்று விநாடிக்கு ஒரு பிளாக். பரிவர்த்தனைக் கட்டணம் கிடையாது. நம் கணக்கில் தானாக நிரம்பும் ரிசோர்ஸ் கிரெடிட்டில் கழித்துக்கொள்ளும். ஒவ்வொரு அசைவுக்கும் காசு பிடுங்கும் செயினில் இப்படி ஒரு நில ஆட்டத்தை யாரும் ரசித்து ஆட முடியாது. ஹைவ் மீது எனக்கு உள்ள பற்றை மறைக்கப் போவதில்லை. அதன் நியாயம் இங்கே கண்ணெதிரே இருக்கிறது.

"மாதம் எவ்வளவு வரும்?" என்ற கேள்வி எனக்கு எரிச்சல் தருவது. மெய்நிகர் நிலம் என்றாலே வாடகை வீடு போல நினைத்துப் பணத்தைக் கொட்டுகிற பழக்கம் 2021-இல் பல பிளாக்செயின் ஆட்டங்களில் பரவியது. அதற்குப் பிந்தைய சரிவில் பலர் நொந்துபோனார்கள். இங்கே விளைவது தானியமும் கல்லும் டோக்கனும். அவற்றை வாங்குபவர்கள் அதே ஆட்டத்தை ஆடும் மற்றவர்கள். ஆடுபவர் குறைந்தால் விலை குறையும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: கிரிப்டோ சொத்தில் வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி. ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அதே ஆண்டு ஜூலை முதல் 1 சதவீத டிடிஎஸ்ஸும் சேர்ந்தது. ஆதாயத்தை எதிர்பார்த்துப் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியிருக்கிறது. ஒரு ரூபாய் போடுமுன் அதை வரிவரியாகப் படித்து, தேவையென்றால் விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிடுங்கள். மாத வருமானம் கேட்டு எனக்கு மின்னஞ்சல் அனுப்பும் இளைஞர்களுக்கு நான் சொல்லும் முதல் பதிலும் இதுவே. கடன் வாங்கி ஒரு பிளாட்டும் வேண்டாம்.

ஏற்கெனவே கார்டு வைத்திருந்து, ஆட்டத்தை ஆட்டமாகவே விரும்புகிறவருக்கு நிலம் தாராளமாகப் பரிந்துரைக்கத் தக்கது. பெரிய திரையும் ஒரு கணக்குத் தாளும் வைத்துக்கொள்ளுங்கள். போனில் பார்த்து முடிவெடுக்கும் விஷயமில்லை இது. புதிதாகத் தொடங்குபவர் ஒரே மண்டலத்தில் இரண்டு பிளாட்டோடு ஆரம்பிக்கலாம். முதலாவது தானியம். அதில் உங்களிடம் உள்ள மண்ணுக்கேற்ற குலத்தின் மிகப் பழைய, மிக உயர்ந்த லெவல் கார்டுகள் ஐந்தையும் நிறுத்துங்கள். ஒரு வாரம் களஞ்சியத்தில் எவ்வளவு சேர்கிறது என்று பாருங்கள். இரண்டாவது பிளாட்டில் மரமா கல்லா இரும்பா என்பதை அந்த மிச்சத்தைப் பார்த்து, அது எத்தனை பிபிக்குச் சோறு போடும் என்று வகுத்து, அதற்கு மேல் ஒரு கார்டுகூட இறக்காமல் முடிவு செய்யுங்கள்.