ஸ்காட்லாந்து நாட்டார் இசைக்குழுக்கள்: நான்கு ஊற்றுகளும் தர அளவைகளும்

ஸ்காட்லாந்து இசை என்றதும் கில்ட் அணிந்து அணிவகுத்துச் செல்லும் பேக்பைப் படைதான் பலருக்கு நினைவில் வரும். அது அந்த மரபின் ஒரு முகம் மட்டுமே. கடந்த அறுபது ஆண்டுகளில் கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் ஸ்கை தீவிலும் தோன்றிய நாட்டார் இசைக்குழுக்கள் குழலையும் வயலினையும் ஹார்ப்பையும் பாட்டையும் ஒரே மேடையில் சேர்த்தன. அந்த நாட்டுக்கு இப்படிப்பட்ட சேர்க்கை புதிது. அதற்குமுன் குழல்காரர் பெரும்பாலும் தனியாக ஊதினார். வயலின்காரர் ஆட்டத்துக்கு வாசித்தார். பாடகி பக்கவாத்தியம் இல்லாமல் பாடினாள். ஆகவே ஒரு குழுவின் பாணியை அறிய விரும்புவோர், அது எந்த ஊற்றிலிருந்து புறப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும். அதன் தரத்தையும் அந்த ஊற்றை வைத்தே அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குழல்

ஹைலாண்ட் என்னும் மலைநாட்டின் பேக்பைப்பில் சுரங்கள் ஒன்பதே. தோற்பையில் அடைத்த காற்று, இரட்டைச் சீவாளி பொருத்திய குழலையும் மூன்று ஒத்துக்குழல்களையும் ஒருசேர ஒலிக்கச் செய்கிறது. ஊதத் தொடங்கிய பின் நாதம் அறுபடாது. அதைக் கூட்டவும் குறைக்கவும் வழியில்லை. ஒரே சுரத்தை இருமுறை இசைக்க வேண்டுமானால், இடையில் வேறொரு சுரத்தைக் கண்ணிமைப் பொழுதில் தொட்டு வெட்டியாக வேண்டும். இந்த வெட்டுச் சுரங்களே குழலிசையின் இலக்கணம். அதன் சுரவரிசை ஹரிகாம்போதிக்கு நெருக்கமானது. ஐந்து சுரங்களிலேயே நடக்கும் மெட்டுகளும் ஏராளம். மோகனம் பழகிய காது அவற்றை உடனே இனங்காணும்.

குழலிசையில் இரு பிரிவுகள் உண்டு. அணிநடை, ஆட்டமெட்டு முதலியவை சிற்றிசை. பீப்ரோக் எனப்படுவது பேரிசை. அதில் நிதானமான மூல மெட்டு ஒன்று முதலில் வரும். பிறகு அது படிப்படியாக விரிந்து, வெட்டுகள் அடர்ந்து உச்சம் தொட்டு, மீண்டும் மூலத்துக்கே திரும்பும். ஸ்கை தீவில் டன்வேகன் மக்லவுட் தலைவர்களின் பரம்பரைக் குழல்காரர்களாக இருந்த மக்ரிமன் குடும்பத்தார் இக்கலையின் ஆசான்களாகப் போற்றப்படுகிறார்கள். பாடம் எழுத்தில் இல்லை. மிருதங்க மாணவர் சொற்கட்டைச் சொல்லிப் பழகுவதுபோல, ஒவ்வொரு வெட்டுக்கும் உரிய அசையைப் பாடியே கற்றார்கள். 1781-இல் ஃபால்கிர்க் நகரில் முதல் குழல் போட்டி நடந்தது. போட்டியும் நடுவர் தீர்ப்பும் அன்றுமுதல் இம்மரபின் முதுகெலும்பு. ஆண்டுதோறும் ஆகஸ்டில் கிளாஸ்கோவில் உலகப் பைப் பேண்ட் போட்டி நடக்கிறது.

வில்

வயலினை அங்கே ஃபிடில் என்பார்கள். பெர்த்ஷயரின் இன்வர் கிராமத்தைச் சேர்ந்த நீல் கௌ (1727–1807) அதன் முதல் பெரும் பெயர். வடகிழக்கில் பேன்கரி ஊரில் பிறந்த ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர் (1843–1927) மேடைக் கச்சேரி அளவுக்கு அதை உயர்த்தினார். ஒலிப்பதிவின் தொடக்க காலத்திலேயே அவர் வாசிப்பு பதிவானது.

ஜிக், ரீல் ஆகிய ஆட்டமெட்டுகள் அயர்லாந்துக்கும் பொது. ஸ்ட்ராத்ஸ்பே என்னும் ஆட்டமெட்டு ஸ்காட்லாந்துக்கே உரியது. ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரைத் தாங்கிய அது நாலெண்ணிக்கை நடையில் செல்லும். குறிலொன்று சட்டென விழ, அதன்மேல் நெடிலொன்று ஊன்றி நிற்கும் வெடிப்பு அதன் உயிர். அந்த வெடிப்பை மழுக்கினால் ஸ்ட்ராத்ஸ்பே செத்துவிடும்.

வடகோடியிலுள்ள ஷெட்லாந்துத் தீவுகள் 15-ஆம் நூற்றாண்டு வரை நார்வே, டென்மார்க் அரசர்களின் ஆட்சியில் இருந்தவை. அங்கே வில் வேறு விதமாகப் பேசும். மெட்டு வாசிக்கும் தந்திக்குத் துணையாகத் திறந்த தந்தியும் ஒத்துப்போல் ஒலிக்கும். அழியும் நிலையிலிருந்த அந்த மெட்டுகளைத் திரட்டிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் டாம் ஆண்டர்சன் (1910–1991). அவர் மாணவர் ஆலி பெய்ன், பாய்ஸ் ஆஃப் த லாக் குழுவின் வழியாக ஷெட்லாந்து வில்லை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனார்.

இந்த ஆட்டமெட்டுகள் நமக்கு முற்றிலும் அந்நியமல்ல. முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய நோட்டுசுவர சாகித்யங்களில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து மெட்டுகளில் அமைந்தவையும் உண்டு.

பாட்டு

பாட்டு இரு மொழிகளில் ஓடுகிறது. மேற்குத் தீவுகளில் கேலிக் மொழி. அங்கே பெண்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஈரக் கம்பளித் துணியை அடித்துத் துவைத்து இறுக்கும்போது பாடிய தொழிற்பாடல்கள் பெருஞ்செல்வம். ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பொருளற்ற அசைகளால் ஆன பல்லவியைத் திருப்பிப் பாடுவார்கள். கருவி இல்லாத இடத்தில் ஆட்டத்துக்காக வாயாலேயே மெட்டைப் பாடும் வழக்கமும் உண்டு. தாழ்நிலத்திலும் வடகிழக்கிலும் ஸ்காட்ஸ் மொழிக் கதைப்பாடல்கள். கொலை, காதல், வஞ்சம், கடற்சாவு எல்லாம் அவற்றில் அலங்காரமின்றிச் சொல்லப்படும்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1951-இல் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி தொடங்கியது. அதே ஆண்டு அமெரிக்கச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அங்கு வந்தார். அவருக்கு வழிகாட்டிய கவிஞர் ஹாமிஷ் ஹெண்டர்சன், 1953-இல் அபெர்டீனில் ஜீனி ராபர்ட்சன் என்ற பாடகியைக் கண்டடைந்தார். ஊர் ஊராகத் திரிந்து வாழ்ந்த டிராவலர் சமூகத்தவர் அவர். படித்த வகுப்பார் ஒதுக்கிய அந்தச் சமூகம்தான் நாட்டின் பழம்பாடல்களை நெஞ்சில் காத்து வைத்திருந்தது. இன்றைய குழுக்கள் பாடும் கதைப்பாடல்களில் பெரும்பங்கு இவர்கள் கொடுத்த கொடை.

ஆட்டக்கூடம்

நான்காவது ஊற்று கிராம ஆட்டக்கூடம். அக்கார்டியனை நடுவில் வைத்து, பியானோவும் டிரம்மும் சேர்ந்த ஆட்டக் குழுவுக்கு இலக்கணம் வகுத்தவர் ஜிம்மி ஷாண்ட் (1908–2000). அவரிடம் ஆடம்பரம் கிடையாது. காலம் மட்டும் இம்மியும் பிசகாது. ஆடுபவரின் பாதமே அங்கு நடுவர்.

குழுக்களின் பாணிகள்

இந்த ஊற்றுகளைக் குழுவாக இணைப்பதில் பெரிய இடர் ஒன்று இருந்தது. ஹைலாண்ட் பேக்பைப்பின் ஓசை மற்றக் கருவிகளை மூழ்கடிக்கும். அதன் சுருதியும் மற்றவற்றோடு பொருந்தாமல் உயர்ந்து நிற்கும். இதை எப்படித் தீர்த்தார்கள் என்பதிலேயே பாணிகள் பிரிந்தன. பெய்ஸ்லியில் 1968-இல் தோன்றிய டனாஹில் வீவர்ஸ், அந்தக் குழலையே துணிந்து குழுவுக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒன்று. கிளாஸ்கோவின் பேட்டில்ஃபீல்ட் பேண்ட் (1969) குழலோடு மின்விசைப்பலகையைச் சேர்த்தது. எடின்பரோவின் சில்லி விசார்ட், கன்னிங்ஹாம் சகோதரர்களின் வயலின், அக்கார்டியன் வேகத்தையும் ஆண்டி எம். ஸ்டூவர்ட்டின் குரலையும் நம்பியது. 1976-இல் அமைந்த ஒசியன் குழு, ஹார்ப்பை நடுவில் வைத்து மென்மையை நாடியது. 1980-களில், கைத்துருத்தியால் காற்றூட்டும் சிறு குழல் புத்துயிர் பெற்றதும் இந்த இடர் பெரிதும் நீங்கியது.

கேலிக் பாட்டிலிருந்து கிளம்பியவை வேறு வழி கண்டன. ஸ்கை தீவில் 1973-இல் பிறந்த ரன்ரிக், ராக் இசையின் முழக்கத்தோடு கேலிக் பாடி, ஒடுங்கிவந்த மொழிக்கு இளைஞரிடையே தலைநிமிர்வு தந்தது. 2018-இல் ஸ்டர்லிங்கில் இறுதிக் கச்சேரி நடத்தி விடைபெற்றது. ஆர்கைல் பகுதியின் கேப்பர்கெய்லி, துணி துவைக்கும் பெண்களின் பழம்பாடல் ஒன்றை 1992-இல் பிரிட்டனின் முதல் 40 பாடல்களுக்குள் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் கேலிக் பாடல் அதுவே. மார்ட்டின் பென்னட், 2003-இல் வெளியிட்ட ‘கிரிட்’ தொகுப்பில் டிராவலர், கேலிக் பாடகர்களின் பழைய ஒலிப்பதிவுகளை மின்னணுத் தாளத்தோடு இணைத்தார். இரு ஆண்டுகளில் 33-ஆம் வயதில் மறைந்தார். அந்தத் தொகுப்பில் எந்திர ஒலி எத்தனை இருந்தாலும் முன்னே நிற்பது முதியவர்களின் குரல்தான்.

அண்டை மரபுகள்

அயர்லாந்தில் 1962-இல் பேடி மொலோனி அமைத்த சீஃப்டன்ஸும், 1970-களின் பிளாங்ஸ்டியும் பாத்தி பேண்டும் ஸ்காட்லாந்துக் குழுக்களுக்கு வழிகாட்டின. பல கருவிகள் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிப்பது, புசூக்கி என்னும் தந்திக்கருவியால் தாளம் கொடுப்பது ஆகியவை அங்கிருந்து வந்தவை. பிரான்சின் பிரிட்டனி, தன் பைப் பேண்டுகளை ஸ்காட்லாந்தைப் பார்த்து அமைத்தாலும் இரட்டைச் சீவாளிக் கருவியான பொம்பார்டை முன்னே நிறுத்தியது. நிலத்திலிருந்து விரட்டப்பட்ட ஹைலாண்ட் மக்கள் குடியேறிய கனடாவின் கேப் பிரெட்டனில், பியானோ துணையோடு பழைய வில் நடை இன்றும் துடிக்கிறது. செல்டிக் இசை என்று எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு விற்பவர்கள் இந்த வேறுபாடுகளை அழிக்கிறார்கள். ரசிகர்கள் அதற்கு உடன்படக் கூடாது.

தர அளவைகள்

நான் மதிக்கும் அளவைகள் நான்கு. முதலாவது, ஆடுவோர் இல்லாத அரங்கிலும் மெட்டில் ஆட்டத்தின் எழுச்சி இருக்க வேண்டும். ரீலை ஓட்டப்பந்தயமாக்கும் குழுக்கள் வெட்டுச் சுரங்களை விழுங்கிவிடுகின்றன. வேகம் தேர்ச்சிக்குச் சான்றல்ல. இரண்டாவது, மெட்டுகளைக் கோக்கும் முறை. அணிநடை, ஸ்ட்ராத்ஸ்பே, ரீல் என்ற வரிசை குழல்காரர் வகுத்தது. நடை மாறும் இடத்தில் காலம் தடுமாறாமல் உற்சாகம் ஏற வேண்டும். மூன்றாவது, பாட்டில் சொல் முதலில் கேட்க வேண்டும். கித்தார் பின்னால் நிற்கட்டும். நான்காவதை மிக முக்கியமாகக் கருதுகிறேன்: மெட்டு யாருடையது, பாட்டு யார் வாயிலிருந்து வந்தது என்று பெயர் சொல்ல வேண்டும்.

இந்த அளவைகள் பிழைத்திருப்பதற்குக் காரணம் கற்பித்தல். 1981-இல் பாரா தீவில் தொடங்கிய ஃபேஷ் என்னும் பயிற்சி விழா, இன்று பல ஊர்களில் பிள்ளைகளுக்குக் கேலிக்கும் கருவியும் கற்றுத்தருகிறது. 1994 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் கிளாஸ்கோவில் செல்டிக் கனெக்ஷன்ஸ் விழா நடக்கிறது. 1996-இல் கிளாஸ்கோ இசைக் கல்லூரி நாட்டார் இசைக்கெனப் பட்டப்படிப்பு தொடங்கியது.

இந்த மலரைப் படிக்கும் ரசிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இக்குழுக்களைக் கேட்கத் தொடங்குமுன் ஜீனி ராபர்ட்சனின் தனிக்குரலையும், ஸ்கின்னரின் பழைய பதிவையும், ஒரு முழுப் பீப்ரோக்கையும் பொறுமையாகக் கேளுங்கள். அதன்பின் எந்தக் குழு தன் ஊற்றை மதிக்கிறது, எது அதை விற்கிறது என்று உங்கள் காதே தீர்ப்பளித்துவிடும்.