இறக்கத்தில் தெரியும் குணம்

"ஸ்போர்ட்ஸ் பைக்கா? நம்ம மழைக்கும் மலைக்கும் அது சரிப்பட்டு வராது." கண்டிப் பக்கத்து வத்தேகம டவுனில் யாரைக் கேட்டாலும் இதுதான் பதில். நானும் இதைக் கேட்டுக்கொண்டேதான் வாங்கினேன். ஆறு வருடம், 62,000 கிலோமீற்றர் ஓடி முடித்த பிறகு சொல்கிறேன்: பாதி சரி, பாதி பிழை. மழையை வண்டி தாங்குகிறது. மலையில் ஏற்றத்தையும் தாங்குகிறது. இறக்கத்தைத்தான் ஓட்டுகிறவர் தாங்க வேண்டியிருக்கிறது.

என்னிடம் இருப்பது யமஹா ஆர்15 வி3. முதல் ஆர்15 இந்தியாவில் 2008இல் வந்தது. இந்த மூன்றாவது பதிப்பு 2018இல். 155 சிசி, தண்ணீரால் குளிரும் எஞ்சின், ஆறு கியர், 11 லீற்றர் டேங்க். கிழமை நாட்களில் மடவளை, பொல்கொல்ல, கட்டுகஸ்தோட்டை வழியே பேராதனைக்கு வேலைக்குப் போகிறேன். போக வர 40 கிலோமீற்றர். சனி, ஞாயிறில் பன்வில, ஹுலுகங்கைப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் சொந்தக்காரர் வீடுகள். வருடத்தில் ஒருமுறை நல்லூர்த் திருவிழாவுக்கு ஏ9 பிடித்து யாழ்ப்பாணம். நம் நாட்டு அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு இடமே இல்லை என்பதால் இதைவிடப் பெரிய எஞ்சின் வேண்டுமென்று ஒருநாளும் தோன்றியதில்லை.

ஏற்றம்

இந்த எஞ்சினில் வால்வைத் திறக்க இரண்டு வகைக் கேம் உண்டு. நிமிடத்துக்கு 7,400 சுற்று வரை சின்னது; அதற்கு மேல் பெரியது. விளம்பரமெல்லாம் அந்தப் பெரியதைப் பற்றித்தான். பன்வில ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் போகிறவனுக்கு 7,400 எங்கே வரப்போகிறது? எனக்கு உதவுவது சின்னதுதான். மூன்றாம் கியரில் 5,000 சுற்றில் முனகாமல் இழுக்கிறது. குனிந்து உட்காரும் அமைப்பும் ஏற்றத்துக்குப் பொருத்தம்; உடம்பின் பாரம் முன்சக்கரத்தில் விழுவதால் கூர்வளைவில் ஹேண்டில் லேசாகிவிடுவதில்லை.

இறக்கம்

அதே பாதையில் திரும்பி வரும்போது கதை மாறுகிறது. ஹேண்டில் தாழ்வு, சீட் 815 மில்லிமீற்றர் உயரம், ரோடும் கீழ்நோக்கிச் சாய்வு. மூன்றும் சேர்ந்தால் உடம்பு முழுக்க இரண்டு மணிக்கட்டில் வந்து நிற்கும். முதல் வருடம் இருபது நிமிட இறக்கத்திலேயே பெருவிரலின் அடிப்பக்கம் மரத்துப்போகும். பிரேக் பிடிக்க வேண்டிய விரல்கள் உடம்பைத் தாங்கிக்கொண்டிருந்தால் பிரேக்கை யார் பிடிப்பது?

பழகிக்கொண்ட வழி இது: வளைவு வரும் முன்பே கியரைக் குறைத்து, டேங்கை முழங்காலால் இறுக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி உட்கார வேண்டும். கை வெறுமனே ஹேண்டிலில் கிடந்தால் போதும். வேகத்தை எஞ்சினே பிடித்துக்கொள்ளும். சட்டென்று கியரைக் குறைத்தாலும் பின்சக்கரம் துள்ளாமல் இருக்க இதில் ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கிறது. ரேஸ் ஓட்டுகிறவர்களுக்காக வந்த சாமான். நனைந்த இறக்கத்தில் எனக்கு வேறெதையும்விட அதிகம் உதவியது இதுதான்.

முன்னால் 282, பின்னால் 220 மில்லிமீற்றர் டிஸ்க் பிரேக். இந்திய வி3க்கு ஏபிஎஸ் வந்தது 2019இல். என்னுடையது அதற்கு முந்தியது. அதை மறந்து ஒரு நாள் மடவளைப் பக்கம் விழுந்தேன். பல நாள் வெயிலுக்குப் பிறகு பெய்த முதல் தூறல். வளைவில் எதுவோ ஒரு லொறி சிந்திவிட்டுப் போன டீசல், நீலமும் ஊதாவுமாக விரிந்திருந்தது. கண்ணில் பட்டதும் பதறி முன் பிரேக்கை அமுக்கினேன். பிழை என்னுடையது. முழங்கை சிராய்ப்பு ஒரு கிழமையில் ஆறிவிட்டது. வெடித்த பக்கக் கவசம் ஆறவில்லை. சாதாரண பைக் விழுந்தால் ஒரு லீவர் வளையும். இதுவோ பிளாஸ்டிக் சட்டை போட்ட வண்டி. 2022இல் ரூபாய் சரிந்த பிறகு அந்தச் சட்டையின் விலை கேட்டு மௌனமானேன். கராஜ் பாஸ் சூடு காட்டி ஒட்டிக் கொடுத்த தழும்போடுதான் இன்றும் ஓடுகிறது.

மழை

தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவத்திலும் கண்டிக்குப் பங்கு உண்டு. நடுவில் ஒக்டோபர், நவம்பரில் பின்னேரமானால் இடிமழை. வேகமாகப் போகும்போது முன்கவசம் நெஞ்சையும் தொடையையும் காக்கிறது. டவுன் நெரிசலில் அதனால் ஒரு பயனும் இல்லை. எல்ஈடி விளக்கின் வெள்ளை வெளிச்சம் நக்கிள்ஸ் பக்கத்து மூடுபனியில் பட்டுச் சுவர்போலத் திரும்பி வருகிறது. அப்போது தாழ்ந்த வெளிச்சமும் ரோட்டின் இடது ஓரமும்தான் துணை. அக்குறணையில் பிங்கா ஓயா பெருகிய நாட்களில் தண்ணீர் சக்கரத்தின் பாதியைத் தொட்டால் வீரம் காட்டாமல் திரும்பிவிடுவேன்.

மழை உண்மையில் தின்பது செயினைத்தான். சோம்பேறித்தனத்தால் முதல் செயின் செட்டை 14,000 கிலோமீற்றரிலேயே முடித்தேன். பிறகு ஒரு பழக்கம் வந்தது. ஞாயிறு பின்னேரம் பழைய பல் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், துடைக்கத் துணி, கடைசியில் கியர் எண்ணெய். பத்து நிமிட வேலை. அடுத்த செட் 24,000 தாண்டியது.

கிக்கர் கிடையாது. மூன்று வாரம் நிறுத்திவைத்து பற்றரியை இறக்கிவிட்ட ஒரு காலையில், மலைநாட்டில் பள்ளமே கிக்கர் என்று தெரிந்துகொண்டேன். இரண்டாம் கியரில் உருட்டி கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். பற்றரியில் அரை உயிராவது இருக்க வேண்டும். முழுதாகச் செத்திருந்தால் பெட்ரோல் பம்ப் ஓடாது.

செலவு

லீற்றருக்கு 44 கிலோமீற்றர் தருகிறது. இந்தக் கணக்கை என் தலையில் பதித்தது 2022 ஜூலையில் எரிபொருளைப் பங்கிட வந்த கியூஆர் முறை. அப்போது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். அதில் 176 கிலோமீற்றர் ஓடலாம். எனக்குத் தேவை 200. மிச்சம் 24க்காக வெள்ளிக்கிழமைகளில் வண்டியை வீட்டில் விட்டு மாத்தளையிலிருந்து வரும் ரயிலில் ஏறினேன். ஜன்னலோரம் நின்றபோது மணிக்கட்டு ஓய்வெடுப்பது தெரிந்தது.

வீடு

பின்சீட் உயரத்தில், உள்ளங்கை அகலத்தில் இருக்கிறது. பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. அம்மா ஒருமுறை சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுல நான் ஏறணும்னா ஏணியும் வாங்கிக் குடு தம்பி" என்று சொல்லி ஆட்டோவில் போனார். அரிசி மூட்டைக்கும் இதில் இடமில்லை. வீட்டுக்கு ஒரே வண்டி என்றால் இது அந்த வண்டி அல்ல. முன்கவசமும் வேண்டும், நிமிர்ந்தும் உட்கார வேண்டும் என்பவர்கள் 2015இல் வந்த சுசுகி ஜிக்சர் எஸ்எஃப்பைப் பார்க்கலாம். அதில் ஹேண்டில் உயரம்.

தனியாக நீண்ட தூரம் ஓடுகிறவருக்கு, செயினுக்கு வாரம் பத்து நிமிடம் கொடுக்க முடிந்தால், ஆர்15 மழைக்கும் மலைக்கும் சரிப்பட்டு வரும். ஏபிஎஸ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பழைய வண்டி விற்கிறவர்கள் ஓட்டிப் பார்க்கச் சொல்லி ஏற்றத்துக்குத்தான் அனுப்புவார்கள். அங்கே எல்லா ஸ்போர்ட்ஸ் பைக்கும் நல்ல பிள்ளைதான். நீங்கள் பள்ளத்தைக் கேளுங்கள். இருபது நிமிடம் இறங்கிப் போய் நிறுத்தி, ஹெல்மெட் பட்டியை ஒரு கையால் கழற்றிப் பாருங்கள். விரல் சொன்னபடி கேட்டால் விலை பேசலாம்.