துயரில் முகிழ்த்த அன்பு

சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணத்திலே, திருநாவுக்கரசு நாயனார் புராணம் 429 பாடல்களால் அமைந்தது. நாயனாரின் பெருமையை நாடிச் செல்வோர் அதன் தொடக்கப் பாடல்களை விரைந்து கடந்து விடுதல் இயல்பு. ஆயின், பெற்றோரை இழந்த ஒரு சிறுமியும் சிறுவனும் துயரினின்று எழுந்து வாழத் தொடங்கிய வரலாறு அப்பாடல்களிலேதான் உள்ளது.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர் திலகவதியார். அவர்க்குப் பின் பிறந்த தம்பியார் மருணீக்கியார். தமக்கையார்க்குப் பன்னிரண்டு வயதாகுங் காலத்திலே, கலிப்பகையார் என்னும் படைத்தலைவர் மணம் பேசுவிக்கத் தந்தையார் இசைந்தனர். மணம் நிகழுமுன் கலிப்பகையார் அரசன் ஏவலாற் போர்மேற் சென்றார். அந்நாளிற் புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் கணவரைத் தொடர்ந்து உயிர்நீத்தார். அத்துயர் ஆறுமுன்னே, கலிப்பகையார் போர்க்களத்திற் பட்டார் என்ற செய்தியும் வந்தது.

பெற்றோர் தம்மை அவருக்கே கொடுக்க இசைந்தமையால் தம் உயிரும் அவருக்கே உரியது எனத் துணிந்து, திலகவதியார் இறக்க முற்பட்டார். அப்பொழுது தம்பியார் அவர் அடிகளில் வீழ்ந்தார். தாய் தந்தையர் போன பின்னரும் தமக்கையாரை வணங்கலாம் என்பதனாலேயே தாம் உயிர் தரித்ததாகவும், அவரும் தம்மைத் தனியே விட்டு ஏகுவாராயின் அவருக்கு முன்னரே தாம் உயிர் நீப்பதாகவும் கூறினார்.

இங்கே புலவரின் நுண்மை நோக்கத்தக்கது. மருணீக்கியார் ஆறுதல் மொழி ஒன்றும் கூறவில்லை. நிலையாமையை எடுத்து விளக்கவுமில்லை. தமக்கு அவர் வேண்டும் என்பதொன்றையே சொன்னார். அறிவுரையால் மாறாத துணிவு, பிறனொருவனின் தேவையைக் கண்டு மாறியது. தமக்கை என்ற உறவு, அக்கணத்திலே தாயும் தந்தையுமான புதிய உறவாயிற்று. தாயார் கணவரைப் பின்தொடர்ந்த செய்தியை அடுத்தே, மகளார் அவ்வாறு செய்யாதிருந்த செய்தியையும் புலவர் வைத்தனர். இரண்டனையும் அவர் போற்றினாராயினும், பின்வரும் வரலாறு முழுவதற்கும் வித்தாவது மகளார் வாழத் துணிந்த துணிவேயாம்.

ஒரு பெண்ணின் வாழ்வைத் தம்பியின் பொருட்டு என்று புலவர் குறுக்கிவிட்டாரன்றோ எனச் சிலர் வினவக் கூடும். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. மணம் பேசப்பட்ட அளவிலே அவரை ஒருவர்க்கு உரியவராகக் கொண்டமை அக்காலத்து வழக்கின் கட்டுப்பாடு என்பதை மறுத்தல் இயலாது. எனினும், திலகவதியார் தம்பியின் நிழலாய் நின்றுவிடவில்லை. பொன்னணி தாங்காது, எல்லா உயிர்க்கும் அருள் பூண்டு, மனையிலிருந்தே தவம் புரிந்தார் என்கின்றார் சேக்கிழார். ஒருவர்க்கென எழுந்த அன்பு எல்லா உயிர்க்குமாய் விரிந்தது.

தம்பியாரின் துயர் வேறு வழியிற் சென்றது. அறச்சாலையும் தண்ணீர்ப் பந்தரும் அமைத்தார், சோலை வளர்த்தார், குளந் தொட்டார், விருந்தோம்பினார். இளமையில் இழந்தவர், கொடுப்பதிலே அமைதி தேடினார் எனலாம். அதுவும் அமையாது, நிலையாமையை எண்ணித் துறவு பூண்டு பாடலிபுத்திரம் சென்று சமண் சமயம் சார்ந்தார். யாருக்காக உயிர் தாங்கினாரோ அவரே நீங்கியபொழுதும், திலகவதியார் இறப்பை நாடவில்லை. கெடிலக் கரையிலுள்ள திருவதிகை சென்று திருத்தொண்டிலே தம்மை நிறுத்திக் கொண்டார். முன்னர் எழுந்த வினாவுக்குச் சேக்கிழார் தரும் விடை இதுவே.

சூலைநோயால் வருந்திய மருணீக்கியார் இரவிலே தமக்கையாரிடம் மீண்டு வந்தார். அவரைக் கடிந்து ஒரு சொல்லும் திலகவதியார் கூறியதாகக் காப்பியம் காட்டவில்லை. திருநீற்றை அளித்து, அலகும் மெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு வைகறையிலே கோயிற்றொண்டுக்குப் புறப்பட்டவர், தம்பியாரையும் உடன் அழைத்துச் சென்றார். பிரிந்தோர் கூடிய பேருணர்ச்சியை அன்றாடத் தொண்டின் எளிமைக்குள் அடக்கியமை சேக்கிழாரின் கவித்திறத்துக்குச் சான்றாகும்.

தமக்கையாரால் வாழ்வு பெற்ற மருணீக்கியார், நாவுக்கரசராகிச் சீகாழி சென்ற காலத்தே புதியதொரு நட்பையும் பெற்றார். எதிர்கொண்ட ஞானசம்பந்தப் பிள்ளையார், தம் அடியில் வீழ்ந்த முதியவரைக் கைகளாற் பற்றி, ‘அப்பரே’ என அழைத்தார். சிறு வயதிலே தந்தையை இழந்தவர், ஒரு பிள்ளையின் வாயால் தந்தை என்னும் பெயரைப் பெற்றார். பின்னர் அவ்விருவரும் தலங்கள் பலவற்றுக்கு உடன் சென்றனர். திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபொழுது அடியார்க்கு அமுதூட்டும் பணியையும் பகிர்ந்து கொண்டனர்.

திலகவதியார் துயரை மறந்தார் என்று சேக்கிழார் எங்கும் கூறவில்லை. இழந்தவர்க்கு ஈடாக வேறொருவரை அவர் வைக்கவுமில்லை. தம்மை வேண்டி நிற்கும் ஒருவர்க்காக அன்று உயிர் தாங்கியமையையே அவர் பாடினார். அப்பர் என்னும் பெயரை ஓதும் மாணாக்கர், அப்பெயர் தமிழுலகிற்குக் கிடைத்தற்குக் காரணராகிய அச்சிறுமியையும் உடன் நினைத்தல் முறையாகும்.